போல்ட் வரிசை

ஷீட் கூரை மேல் ஏறுகிறவர்களுக்கு விதி ஒன்றுதான். போல்ட் தலைகள் வரிசையாகத் தெரிகிற இடத்தில் மட்டும் கால் வைக்க வேண்டும். போல்ட் இருந்தால் அதற்கு அடியில் குறுக்குச் சட்டம் இருக்கிறது, அது ஆளைத் தாங்கும். இரண்டு வரிசைக்கு நடுவில் வைத்தால் அடியில் வெறும் காற்று. ஓசூர்த் தொழிற்பேட்டையில் கூரை வேலை செய்கிற யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேல். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் குதிகாலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் எடையை இறக்குவார். டக் டக், அப்புறம் கால். வாசல் கோலத்தை மிதிக்காமல் நான் தாண்டித் தாண்டி வருவதைப் பார்த்து, "உனக்குப் போல்ட்டு வரிசை நல்லா வரும் புள்ள" என்று கிண்டல் செய்வார்.

அந்த மனுஷன்தான் ஒரு கம்பெனிக் கூரையிலிருந்து விழுந்து செத்தார்.

நடுவில் கால் வைத்துவிட்டார் என்று கம்பெனியில் சொன்னார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. என்னவென்று மறுப்பது? போல்ட் மேல் நடக்கிறவன் விழமாட்டான். விழுந்தான் என்றால் போல்ட் மேல் நடக்கவில்லை. அவரோடு வேலை செய்த ஆட்களே துக்கத்துக்கு வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு, "எப்பிடி அசந்தாருன்னே தெரியலீங்க" என்றார்கள். நானும் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை, ஆத்திரப்பட்டேன். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனுஷனுக்குத் தன் காலைப் பார்த்து வைக்கத் தெரியவில்லையே என்று பற்றிக்கொண்டு வந்தது. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன்.

அவர் விழுந்த அன்றைக்கு நான் போய்ச் சேரும்போது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். யாரோ தவறாக என்னைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். அது பாகங்களுக்கு முலாம் பூசுகிற கொட்டகை. ஆசிட் தொட்டிகளுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தேன். கூரையில் ஒரு பொத்தல். அதன் வழியாக வெயில் விழுந்து தரையில் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. ஒருவர் உடைந்த ஷீட் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். துடைப்பம் பட்டு ஒரு கொக்கி போல்ட் உருண்டு என் கால் பக்கம் வந்து நின்றது. அதன் வளைவில் துருப்பிடித்த இரும்புச் சில்லு ஒன்று அப்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். துடைப்பக்காரர் வந்து அதையும் கூட்டிக்கொண்டு போனார். கண்ணை மூடினால் எனக்கு என் வீட்டுக்காரர் முகம் வருவதில்லை, அந்த போல்ட்தான் வரும். ஏன் அது மட்டும் வருகிறது என்று ரொம்ப நாள் எனக்கே புரியவில்லை.

எங்கள் வீடு ஜூஜுவாடியில். செக்போஸ்ட்டுக்கு வரிசை கட்டுகிற லாரிகளின் இரைச்சல் ஓயாத இடம். அவர் கையாலேயே போட்ட ஷீட் கூரை. காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு ஒரு முற்பகலில் தலைக்கு மேல் கேட்டது. டக் டக். கொஞ்சம் இடைவெளி விட்டு, நகர்ந்து, மறுபடி டக் டக். வெயில் ஏறும்போது ஷீட் சூடாகி விரியும், போல்ட்டைப் பிடித்து இழுக்கும், அப்போது சத்தம் வரும். கூரைக்காரன் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் ஷீட் இரண்டிரண்டாகத் தட்டி நான் கேட்டதில்லை. தினமும் வெயில் ஏறுகிற நேரத்தில் வந்தது. முதலில் பயந்தேன். பிறகு பயம் போய்க் கோபம் வந்தது. உலை கொதிக்கிற அடுப்பின் முன்னால் நின்றுகொண்டு, கரண்டியை மேலே நீட்டி, "இப்பத் தட்டித் தட்டி நடந்து என்ன பிரயோஜனம்? அன்னிக்குப் பாத்து வெச்சிருக்கணும்" என்பேன். சத்தம் கொஞ்சம் நிற்கும். பிறகு வேறு மூலையில் ஆரம்பிக்கும்.

அவர் விட்டுப்போன வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கூரை ஏறுவது என் கொழுந்தன். அவர் தம்பிதான், அண்ணனிடமே வேலை கற்றவன். ஆள் பிடிப்பது, கம்பெனிகளில் பேசுவது, சாமான் எடுப்பது, கீழே நின்று கத்துவது என் பொறுப்பு. நான் போட்ட விதி ஒன்றே ஒன்று. இடுப்பில் பெல்ட்டும் கயிறும் இல்லாமல் எவனும் ஏணியில் கால் வைக்கக் கூடாது. ஆட்கள் முனகினார்கள். மாட்டைக் கட்டுவது மாதிரிக் கட்டுகிறீர்களே என்றார்கள். கொழுந்தனே முகத்தைத் தூக்கிக்கொண்டான். அண்ணன் கயிறில்லாமல்தான் காலமெல்லாம் ஏறினார் என்று ஒருநாள் சொன்னான். அதனால்தான் போய்ச் சேர்ந்தார் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். 

பங்களா வேலை வந்தது போன வருஷம். கிருஷ்ணகிரி போகிற வழியில் பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அதிகாரிகள் குதிரையை அவிழ்த்துவிட்டுத் தங்கிப் போன இடம். இப்போது பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று நீலப் பலகை வைத்திருக்கிறார்கள். பாதுகாத்த லட்சணம், முன்பக்கம் ஓடு பாதி இல்லை. பின்பக்கத்துக் கூடத்தில் எந்தக் காலத்திலோ ஓடுகளையெல்லாம் இறக்கிவிட்டு, பழைய மரச் சட்டங்கள் மேலேயே தகர ஷீட்டைப் போட்டு போல்ட் அடித்திருந்தார்கள். அந்தத் தகரத்தைக் கழற்ற வேண்டும், கெட்டுப்போன மரத்தை மாற்ற வேண்டும், முன்பு எப்படி இருந்ததோ அப்படியே ஓடு வேய வேண்டும். ஓட்டு வேலைக்கு வேறு ஆட்கள் வருவார்கள். தகரத்தை இறக்குவதும் மரம் ஏற்றுவதும் எங்கள் பங்கு.

எங்கள் பூர்வீகம் சிங்காரப்பேட்டைப் பக்கம். அங்கே பண்ணைக்காரர்கள் வீட்டில் மழைக்கு முன்னால் ஓடு மாற்ற எங்கள் ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள். கொல்லைப்பக்கம் வந்து ஏணி வைத்து மேலே ஏறலாம், வாசல் வழியாக உள்ளே மட்டும் போகக் கூடாது. அந்த வீடுகளில் எத்தனை அறை இருக்கிறது என்பது ஓடு பிரித்த சந்து வழியாகப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும் என்று மாமனார் சொல்லிச் சிரிப்பார். பங்களாவின் முன்வாசல் படியேறி நான் உள்ளே போனபோது அது ஞாபகம் வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பங்களாவுக்கு வயதான ஒரு வாட்ச்மேன். தெலுங்குக்காரர். என்னோடு தமிழ், போனில் கன்னடம், தனக்குத்தானே பேசிக்கொள்ளும்போது தெலுங்கு. முதல் நாளே என்னைப் பின்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, மேலே கையைக் காட்டினார். "பைன எவரோ நடுஸ்துன்னாரு" என்றார். மேலே யாரோ நடக்கிறார்கள் என்கிறார். தினமும் வெயில் ஏறினால் ஒரு ஆள் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடப்பானாம். அவருக்கு முன்னால் இருந்த வாட்ச்மேனும் கேட்டிருக்கிறாராம்.

ஷீட் சூடானால் அப்படித்தான் சத்தம் வரும் என்று நான் பெரிய மனுஷி மாதிரி விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் மேலே ஆரம்பித்தது. பலகைக் கூரைத்தட்டுக்கு மேலே, இருட்டுக்கு மேலே, டக் டக். இடைவெளி. டக் டக்.  என் வீட்டுக் கூரையில் நடக்கிறவர் இங்கே எப்படி வந்தார்? வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தொல்லியல் துறையிலிருந்து வந்த இன்ஜினியர் அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணி ஏறுகிறவர். உள்ளே சாரம் கட்டி, பலகைகளைக் கழற்றி, மரத்தைக் கீழே இருந்து பார்த்த பிறகுதான் மேலே யாரும் ஏற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். சாரக்காரன் இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடித்தான். மழை வேறு வருகிற மாதிரி இருந்தது. எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. போல்ட் வரிசை கண்ணெதிரே பளிச்சென்று தெரியும்போது சாரம் எதற்கு? இந்த அம்மா கட்டடம் படித்தவர், நாம் ஷீட் மேலேயே வாழ்கிறவர்கள் என்று நினைத்தேன். போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு இளக்கியாவது வைக்கலாம் என்று கொழுந்தனை ஏறச் சொன்னேன்.

பெல்ட் போட்டுக்கொண்டான். கயிற்றைக் கூரை முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் விட்டு, முன் தாழ்வாரத்துக் கல்தூணில் நானே கட்டினேன். பிறகு எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கப் பின்கூடத்துக்குள் போய் நின்றுகொண்டேன்.

வெயில் ஏறியிருந்தது. மேலே அவன் நடக்கிற சத்தம் கேட்டது. டக் டக், கால். டக் டக், கால். அண்ணன் சொல்லிக்கொடுத்த நடை. அவன் நடக்கிறானா, அதற்கு முன்னாலிருந்தே நடந்துகொண்டிருந்தவர் நடக்கிறாரா என்று ஒரு கணம் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.  அண்ணாந்து, "போல்ட்டு மேலயே வா" என்று கத்தினேன். "போல்ட்டு மேலதான் அண்ணி" என்று பதில் வந்தது.

அதற்கு அடுத்ததாகப் பலகை இடுக்கு வழியாக ஒரு போல்ட் என் காலடியில் விழுந்தது.

எங்கிருந்து என்று நிமிர்வதற்குள் மேலே தகரம் கிழிகிற சத்தம். பலகைத் தட்டு பிளந்து, தூசியும் மண்ணும் கரையான் புற்றும் கொட்டின. அதற்கு நடுவில் என் கொழுந்தன் வந்து, என் தலைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் வெடுக்கென்று நின்றான். கயிறு பிடித்துக்கொண்டது. கால் இரண்டும் காற்றில் துழாவிக்கொண்டிருந்தன. அவனுக்குப் பின்னால் பொத்தல் வழியாக வெயில் விழுந்து, அந்தக் கூடத்தின் தரையில் பாய் மாதிரிக் கிடந்தது.  ஏணியைக் கொண்டுவந்து வைத்ததும், அவன் காலைப் பிடித்து ஏணிப்படியில் வைத்ததும் வாட்ச்மேன்தான். அவன் இறங்கி வந்ததும் நான் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்று அப்புறம் சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை.

இறக்கிச் சுவரோரம் உட்கார வைத்தோம். தலையெல்லாம் மண், விலாவில் சிராய்ப்பு, மற்றபடி முழுசாக இருந்தான்.  என் முகத்தைப் பார்த்தான். நான் கத்தப்போகிறேன் என்று பயந்துவிட்டான்போல. வலிக்கிறது என்று சொல்லவில்லை, தண்ணீர் கேட்கவில்லை.

"அண்ணி, நான் போல்ட்டு மேலதான் மிதிச்சேன்" என்றான்.

நான் மேலே பொத்தலைப் பார்த்தேன். நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டான். இன்னொரு தரம் சொன்னான்.

"சத்தியமா அண்ணி. நடுவுல வெக்கல. தட்டிட்டு, போல்ட்டு மேலதான் வெச்சேன்."

காலடியில் கிடந்த போல்ட்டை எடுத்தேன். அதைச் சுற்றி மரம் என்று சொல்ல ஒரு தோல் மட்டும் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. வெளியே நின்று கூரையைப் பார்த்தால் போல்ட் வரிசை நேராக, ஒழுங்காக, வெயிலில் மின்னிக்கொண்டு போகிறது. அதற்கு அடியில் இருந்த சட்டத்தைக் கரையான் எப்போதோ தின்று முடித்து, வெளித்தோலை மட்டும் விட்டு வைத்திருக்கிறது. தட்டிப் பார்த்தால் தகரம்தான் குரல் கொடுக்கும். அடியில் இருப்பது வாயே திறக்காது.

கயிறு இல்லாமல் இருந்திருந்தால் என்று நினைத்தேன். இவன் இந்தத் தரையில் கிடப்பான். எல்லோரும் வந்து பார்ப்பார்கள். நடுவில் கால் வைத்துவிட்டான் என்பார்கள். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். போல்ட் மேல்தான் மிதித்தேன் என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்திருக்காது.

அப்போதுதான் அந்த இன்னொரு போல்ட் புரிந்தது. கையில் இந்த போல்ட்டை வைத்துக்கொண்டு, முலாம் கொட்டகையில் உருண்டு வந்த அதை மனசில் பார்த்தேன். அவர் நடுவில் கால் வைத்திருந்தால் நடு ஷீட்தான் உடைந்திருக்கும். போல்ட்டுகள் மேலேயே, இரும்புச் சட்டத்தைக் கொக்கி போட்டுப் பிடித்தபடி நின்றிருக்கும். கீழே வர அவற்றுக்கு வேலையே இல்லை. ஆனால் வந்தது. கொக்கியில் சட்டத்தின் சில்லோடு வந்தது. வருஷக்கணக்காக ஆசிட் புகை குடித்து உள்ளுக்குள் இற்றுப்போன சட்டம், அவர் எடையைத் தாங்காமல் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. அவர் போல்ட் மேல்தான் நின்றிருக்கிறார். இரண்டு தட்டு தட்டிவிட்டு, எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, நின்றிருக்கிறார்.

கொழுந்தனிடம் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன், துடைப்பக்காரரைப் பற்றிக்கூட. கேட்டுக்கொண்டே இருந்தவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அண்ணன் செத்தபோது அவன் அழுது நான் பார்த்ததில்லை. அவனுக்கும் உள்ளே என்னைப் போலவே ஒரு கோபம் இருந்திருக்கிறது, வெட்கம் இருந்திருக்கிறது. அண்ணன் அசந்துவிட்டார் என்று நம்பித்தான் அவனும் இத்தனை நாள் கூரை ஏறியிருக்கிறான்.

அந்தக் கம்பெனியில் போய்க் கேட்கலாம்தான். யாரிடம், எதைக் காட்டிக் கேட்பது? அவர் செத்த சூட்டோடு அந்தக் கூரை முழுவதையும் பிரித்துச் சட்டத்திலிருந்து மாற்றிவிட்டார்கள். ஒரு பொத்தலுக்கு எதற்கு மொத்தக் கூரையையும் மாற்றுகிறார்கள் என்று அப்போது எங்கள் ஆள் ஒருவர் கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சட்டங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய் உருகி வேறு எதுவாகவோ ஆகியிருக்கும்.  

இன்ஜினியர் அம்மா மறுநாள் வந்து என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன், என் ஆயுசில் அப்படி வாங்கிக்கொண்டதில்லை. சாரம் வந்தது. பலகைகளைக் கழற்றி, கீழேயிருந்தே ஒவ்வொரு சட்டமாகக் குத்திப் பார்த்தோம். முக்கால்வாசி வெறும் தோல். தகரத்தை இறக்கிய அன்று கூடம் முழுக்க வானம் வந்துவிட்டது. சுவர்களில் கரிப்பிடித்த விளக்கு மாடங்கள், யாரோ கோட்டு மாட்டிய மர முளைகள், எல்லாம் வெளிச்சத்தில் கூசிக்கொண்டு நின்றன. புது மரம் ஏற்றினோம். இடித்த வீடுகளிலிருந்து தேடிப்பிடித்து வந்த பழைய ஓடுகளை ஓட்டுக்காரர்கள் ஒன்றன் மேல் ஒன்று மாட்டிக்கொண்டே போனார்கள். இந்தக் கூரையில் போல்ட் ஒன்றுகூடக் கிடையாது.

வேலை முடிந்து சாமான் ஏற்றுகிற அன்று வாட்ச்மேன் என்னைப் பின்கூடத்துக்குக் கூப்பிட்டார். இரண்டு பேரும் வெயில் ஏறுகிறவரை நின்றோம். ஓடு ஒரு சத்தமும் போடவில்லை. நடந்த ஆள் போய்விட்டான் என்றார் அவர், கொஞ்சம் வருத்தமாகவே. இத்தனை வருஷம் துணைக்கு ஓர் ஆள் இருந்த மாதிரி இருந்ததாம். எங்கே போயிருப்பான் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, மறுநாள் முற்பகலில் அடுப்பைப் பற்றவைத்தேன். வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. உலை கொதிக்கிற நேரத்தில் தலைக்கு மேலே கேட்டது. டக் டக். கொஞ்சம் நின்று, டக் டக். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தட்டிப் பார்த்து, வரிசை தப்பாமல், நான் நம்புகிறேனா என்று கேட்டுக்கொண்டே நடக்கிற மாதிரி இருந்தது. இத்தனை காலமும் அந்த மனுஷன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கரண்டியை நீட்டித் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுப்பை அணைத்துவிட்டு, அவர் போட்ட கூரையை அண்ணாந்து பார்த்துச் சொன்னேன்.

"நீங்க போல்ட்டு மேலதான் நடந்தீங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போதும், கீழ எறங்கி வாங்க."